நடுக்கடலில் நன்னீர் எங்கே போகிறது?

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் பாய்மரப் படகுகள் வந்து குவியும். வியாபாரக் காற்று நிலைகொண்டதும் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் கடலிலுள்ள செயின்ட் லூசியாவுக்குப் போகக் காத்திருக்கும் படகுகள் அவை. தூரம் ஏறக்குறைய 2,700 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் போகும் படகுக்கு 23 நாள் பயணம். நேர்வழியில் போனால் நடுவே நிறுத்தித் தண்ணீர் பிடித்துக்கொள்ள ஒரு தீவுகூடக் கிடையாது.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகில் இருவர் என்றால் 23 நாளைக்கு 138 லிட்டர். 300 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் கவலையில்லை என்றுதான் தோன்றும். ஆனால் தொட்டியின் அடியில் எங்கோ ஓரிடத்தில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்றால் கணக்கே மாறிவிடும். இருபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லிலிட்டர். அப்படியிருந்தும் ஒரு நாளைக்கு 4.3 லிட்டர் போய்விடும். ஒருவர் குடித்துச் சமைக்கும் அளவைவிட இது அதிகம். 23 நாளில் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலி. சத்தம் இருக்காது, தரையில் ஈரம்கூடத் தெரியாது. பலகைகளுக்குக் கீழே, படகின் ஆக அடியிலுள்ள பில்ஜ் பள்ளத்தில் சேர்ந்து, தானியங்கி பம்பு வழியே கடலுக்குப் போய்விடும்.

ஒழுகலைச் சரிசெய்வதைவிடக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. தண்ணீர் தொட்டி கனமானது. 300 லிட்டர் தண்ணீருக்கு 300 கிலோ எடை. அவ்வளவு எடையைப் படகின் நடுவில், முடிந்தவரை தாழ்வாக வைத்தால்தான் படகு நிலையாக நிற்கும். அதனால் படகின் முதுகெலும்பான ஏராவுக்கு மேலேயோ, உட்காரும் இருக்கைகளுக்கு அடியிலோ தொட்டியை வைக்கிறார்கள். தொழிற்சாலையில் கட்டப்படும் பெரும்பாலான படகுகளில் முதலில் தொட்டியை இறக்கி, அதன்மேல் தரை, அலமாரி, படுக்கை என்று எல்லாவற்றையும் கட்டி, கடைசியில்தான் மேல்தளத்தை மூடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து அந்தத் தொட்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் நல்ல தேக்குத் தரையை அறுத்தாக வேண்டும். ரம்பத்தைக் கையில் எடுப்பதற்குமுன் குற்றவாளி தொட்டிதானா என்பதை நூறு சதவீதம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘தொட்டி ஒழுகுகிறது’ என்று சொல்லப்படும் பல படகுகளில் தொட்டி ஒழுகுவதே இல்லை.

முதல் கேள்வி, பில்ஜில் நிற்பது நன்னீரா, கடல்நீரா? நாக்கை நம்பக் கூடாது. அந்தப் பள்ளத்தில் ஏற்கெனவே உப்பு படிந்திருக்கும். அதில் விழுந்த நன்னீரும் கரித்துத்தான் இருக்கும். பள்ளத்தை ஒருமுறை நன்னீரால் கழுவித் துடைத்துக் காயவைத்துவிட்டு, புதிதாகச் சேரும் நீரைச் சோதிக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதன் மின்கடத்துத் திறன் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 50,000 மைக்ரோசீமன்ஸ். குழாய்த் தண்ணீரில் அது பெரும்பாலும் சில நூறுதான். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதால், மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் மலிவான மீட்டரே தீர்ப்புச் சொல்லிவிடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் தொட்டியில் கேசரிக்குப் போடும் உணவு நிறத்தைக் கலந்துவிடலாம். அந்த நிறம் பில்ஜில் தெரிந்தால், வருவது தொட்டித் தண்ணீர்தான்.

தொட்டித் தண்ணீர் என்று தெரிந்த பிறகும் அது தொட்டியிலிருந்துதான் ஒழுக வேண்டும் என்பதில்லை. தொட்டியிலிருந்து பம்பு, பம்பிலிருந்து குழாய்கள், வெந்நீர்க் கலம், சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் என்று வழி நீள்கிறது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மின்விசையை இயக்கிய நிலையில் பம்பைக் கவனியுங்கள். யாரும் தண்ணீர் திறக்காதபோது சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்பு தானாக ஓடி நின்றால், பம்புக்குப் பின்னாலுள்ள பாதையில் அழுத்தம் குறைகிறது என்று பொருள். பெரும்பாலும் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும், இல்லையேல் ஒரு வாஷர் தேய்ந்திருக்கும். இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பழுதானாலும் பம்பு இப்படித்தான் ஓடும். அப்போது தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகும், ஒரு சொட்டும் வீணாகாது. பம்பு ஓடுகிறது, ஆனால் பில்ஜ் காய்ந்திருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

வெந்நீர்க் கலமும் ஆளை ஏமாற்றும். இன்ஜின் ஓடும்போது அதைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைக் கொண்டே இந்தக் கலத்தில் தண்ணீர் காய்கிறது. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போகும்போது அதன் கனஅளவு 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. 25 லிட்டர் கலம் என்றால் அரை லிட்டருக்கு மேல். பம்பின் ஒருவழி வால்வு அந்த நீரைப் பின்னோக்கி விடாது. ஆகவே பாதுகாப்பு வால்வு திறந்து, உபரியை நேரே பில்ஜில் விடுகிறது. வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. படகுக்காரரோ இன்ஜின் போட்ட நாளெல்லாம் தொட்டி ஒழுகுகிறது என்று தரையைப் பெயர்த்துக்கொண்டிருப்பார். வால்வின் முனைக்கு ஒரு ஹோஸ் மாட்டி, மறு முனையை ஒரு புட்டியில் விட்டுவைத்தால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

இவை எல்லாம் தீர்ந்த பிறகே தொட்டியின் முறை. வெளிச்செல்லும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, தொட்டியை நிரப்பி, மட்டத்தைக் குறித்துவைத்து ஓர் இரவு விட வேண்டும். மேற்பரப்பு ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் என்றால், மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்குவதற்கு அரை லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளில் மட்டம் 9 மில்லிமீட்டர்வரை இறங்கும். சாதாரண அளவுகோலிலேயே தெரியும் மாற்றம் அது. அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு ‘ஒழுகவில்லை’ என்று முடிவுகட்டுபவர்கள்தான் அதிகம்.

இந்த இடத்தில் இயற்பியல் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. ஓட்டை வழியே நீர் வெளியேறும் வேகம், அந்த ஓட்டைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்பதை இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். அரை மீட்டர் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் ஒரு நாளைக்கு 120 லிட்டருக்கு மேல் போய்விடும். மட்டம் தாழத் தாழ ஒழுகும் வேகம் குறையும். ஓட்டையின் உயரத்துக்கு வந்ததும் ஒழுகல் நின்றுவிடும். ஆக, மட்டம் எந்த இடத்தில் வந்து நிற்கிறதோ அதே உயரத்தில்தான் ஓட்டை. தொட்டியைக் கண்ணால் பார்க்காமலேயே அது அடித்தட்டிலா, பக்கச் சுவரிலா, மேல்மூடியிலா என்று சொல்லிவிடலாம். முழுவதும் காலியாகிறது என்றால் அடியில் பழுது. நிரம்பியிருக்கும்போது மட்டும் ஒழுகிப் பிறகு நின்றுவிட்டால், சோதனை மூடியின் கேஸ்கெட்டையோ மேலே வந்து சேரும் குழாயையோ சந்தேகிக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஒழுகாத தொட்டி கடலில் ஒழுகுவதும் உண்டு. காற்று ஒரு பக்கம் அடிக்கும்போது படகு இருபது டிகிரி சாய்ந்து மணிக்கணக்கில் போகும். நிமிர்ந்து நிற்கும்போது நீர் எட்டாத மேல்மூடியும் காற்றுக் குழாயும் அப்போது நீருக்குள் இருக்கும். படகு வலப்பக்கம் சாய்ந்தால் மட்டும் ஒழுகுகிறதா, இடப்பக்கம் சாய்ந்தால் மட்டுமா என்று குறித்துவைத்தாலே பாதி இடத்தைத் தள்ளிவிடலாம். சில படகுகளில் காற்றுக் குழாயின் வாய் படகின் வெளிச்சுவரில் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கும். படகு அந்தப் பக்கம் சாய்ந்தால் நன்னீர் அதன் வழியே கடலுக்குப் போகலாம். அந்த வாய் கடலுக்குள் மூழ்கினால் கடல்நீர் தொட்டிக்குள் வரும். இரண்டாவது நடந்தால் மிஞ்சிய தண்ணீரையும் குடிக்க முடியாது.

தொட்டி ஏன் ஓட்டையாகிறது? எவர்சில்வர் தொட்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் அதிகம் நம்புவது அதைத்தான். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் ஆக்சிஜன் பட்டால் தானே மறுபடி உருவாகிவிடும். ஆனால் ஆக்சிஜன் கிடைக்க வேண்டும். தொட்டியின் அடித்தட்டு ஒரு ரப்பர் பட்டையின் மேலோ ஸ்பாஞ்சின் மேலோ உட்கார்ந்திருக்கிறது. அந்த ஸ்பாஞ்சு பில்ஜின் உப்பு ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கிறது. அந்த இடுக்கில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் புதிதாக வர வழியில்லை. படலம் பழுதானால் மீண்டும் உருவாகாது. உலோகம் கரையத் தொடங்கும். கரைந்த உலோக அயனிகள் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். வெளியிலுள்ள குளோரைடு அயனிகளை உள்ளே இழுக்கும். அமிலமும் குளோரைடும் சேர்ந்து அரிப்பை இன்னும் வேகப்படுத்தும். அரிப்பு தனக்குத் தேவையான சூழலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. வெளியே பார்த்தால் குண்டூசித் தலை அளவு புள்ளியும், அதைச் சுற்றித் தேநீர் நிறக் கறையும்தான் தெரியும். உள்ளே குகைபோல் குடைந்திருக்கும். தகட்டின் தடிமனே இரண்டு மில்லிமீட்டர் அளவுதான்.

வெல்டிங் தையல்களில் இன்னொரு பலவீனம். எவர்சில்வர் ஏறக்குறைய 425 முதல் 815 டிகிரி வரையிலான வெப்பத்தில் சிறிது நேரம் இருந்தால், அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாக்கிவிடும். தையலை ஒட்டிய குறுகிய பட்டையில் குரோமியம் குறைந்து, அந்த இடம் அரிப்புக்கு இரையாகும். கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாத 316எல் வகையைத் தொட்டிக்குக் கேட்பது இதனால்தான். 316இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினமும் உண்டு. குளோரைடை எதிர்க்க அது உதவும். சமையல் பாத்திரத்துக்கான 304 வகையில் செய்த தொட்டி மலிவாகக் கிடைக்கும். உப்பு ஈரத்தில் நிற்கும் இடத்துக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தொட்டியைச் சுத்தம்செய்ய ப்ளீச்சிங் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிடுபவர்களும் தங்கள் தொட்டியைத் தாங்களே அரிக்கவிடுகிறார்கள். கிருமி நீக்கத்துக்குச் சில மணி நேரம் போதும். பிறகு நன்றாக அலசிவிட வேண்டும்.

அசைவும் சும்மா விடாது. வியாபாரக் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு போகும் படகு இரு பக்கமும் ஓயாமல் உருளும். ஐந்து நொடிக்கு ஓர் உருளல் என்றால் 23 நாளில் ஏறக்குறைய நான்கு லட்சம் முறை. ஒவ்வொரு முறையும் தொட்டியிலுள்ள நீர் முழுவதும் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் பாயும். அதைத் தடுக்கத்தான் உள்ளே தடுப்புத் தகடுகளை வைத்து வெல்டு செய்கிறார்கள். பாய்ச்சலின் சுமையை அந்தத் தகடுகள் ஏற்பதால், அவை சுவரோடு சேரும் இடத்தில் உலோகம் களைத்துப்போய் மயிரிழை விரிசல் விழும். உள்ளே எட்டிப்பார்க்க முடிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டியைப் போலவே பாலிஎத்திலீனில் வார்த்த படகுத் தொட்டிகளும் இருக்கின்றன. அவை துருப்பிடிக்காது. ஆனால் குழாய் பொருத்தும் இடத்தில் பிளாஸ்டிக் காலப்போக்கில் இளகி நெகிழ்ந்து மரை தளர்ந்துவிடும். ஃபைபர்கிளாஸ் தொட்டிகளில் மூலைகளில் விரிசல் விழும். படகின் வெளிச்சுவரையே தொட்டிச் சுவராகப் பயன்படுத்தியிருந்தால், விரிசல் வழியே போகும் நீர் படகின் உடலுக்குள்ளேயே ஊறும். அதைத் தள்ளிப்போடவே கூடாது. அலுமினியத் தொட்டியில் பித்தளைக் குழாயை நேரடியாக முடுக்குவது, இரு உலோகங்களுக்கிடையே ஒரு மின்கலத்தையே கட்டிவைப்பதாகும், கரைவது அலுமினியம்தான்.

ஆளே ஓட்டையாக்கும் தொட்டிகளும் உண்டு. நகரக் குழாயின் அழுத்தம் சில பார் இருக்கும். துறைமுகக் குழாயின் ஹோஸை மேல்தள நிரப்பு வாயில் இறுக்கமாகச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனால், தொட்டி நிரம்பிய பின் அவ்வளவு நீரும் விரல் தடிமனுள்ள காற்றுக் குழாய் வழியேதான் வெளியேற வேண்டும். அந்தக் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தால் அழுத்தம் முழுவதும் தொட்டியின் சுவர்மேல்தான். 60 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் உள்ள ஒரு பக்கத் தகட்டில் 0.2 பார் அழுத்தம் ஏறினாலே தள்ளுவிசை 600 கிலோ எடைக்குச் சமம். நேற்றுவரை நல்லாயிருந்த தையல் பிரிவதற்கு அது போதும்.

ஓட்டையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கக் காற்றுச் சோதனை செய்யும்போதும் இதே கணக்கை மறக்கக் கூடாது. கம்ப்ரஸரைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் கால் பம்பு போதும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்து நீர் ஊற்றி, ஒரு முனையைத் தொட்டியோடு இணைத்தால் அதுவே அழுத்தமானி. இரு பக்க நீர்மட்டத்துக்கும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்ததும் நிறுத்திவிடலாம். தையல்களிலும் குழாய் மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீரைப் பூசினால் குமிழி வரும் இடமே ஓட்டை. நீரைவிடக் காற்றின் பாகுநிலை ஏறக்குறைய ஐம்பது மடங்கு குறைவு. நீர் மெல்லக் கசிந்து காய்ந்துபோய், வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு மட்டும் விட்டுவைக்கும் நுண்துளையிலும் காற்று சுலபமாகப் புகுந்து வெளியேறும்.

இந்தச் சோதனையில் பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மூடிய தொட்டிக்குள் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால், அதன் அழுத்தம் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு மாறும். வளிமண்டல அழுத்தத்தில் முந்நூறில் ஒரு பங்கு என்பது மூன்றரை சென்டிமீட்டர் நீர் உயரம். வெயில் மேகத்துக்குள் போய்த் தொட்டி இரண்டு டிகிரி குளிர்ந்தால் மானியில் 7 சென்டிமீட்டர்வரை இறங்கிவிடலாம். ஓட்டையே இல்லாத தொட்டிக்கு ஓட்டை என்று பெயர் வந்துவிடும். அதிகாலையிலோ அந்தி கழிந்தோ, வெப்பம் மாறாத நேரத்தில் சோதிப்பதே முறை.

இனி அடைப்பது. எவர்சில்வரில் ஓர் ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது என்றால், தெரியாமல் பத்துக் குழிகள் பழுத்துக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளியைச் சுற்றி ஊசிமுனையால் அழுத்திப் பாருங்கள். தகடு எங்கே விட்டுக்கொடுக்கிறதோ அதுவரை நோய் பரவியிருக்கிறது. வெளியிலிருந்து எபாக்சி மாவைப் பிசைந்து ஒட்டுவது பயணம் முடியும்வரை தாங்கினால் நல்லது, அதற்குமேல் அதை நம்பக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் ஓட்டையில் நீர் தள்ளும் விசை மிக அற்பமானது. பசையை அது பெயர்த்துவிடாது. ஓயாமல் ஊறும் ஈரம் ஒட்டின் விளிம்புக்கு அடியில் நுழைந்து பிடிப்பைக் கெடுக்கிறது, அரிப்பும் அடியில் தொடர்கிறது. உள்ளிருந்து போட்ட ஒட்டு வேறு. அங்கே நீர், ஒட்டை ஓட்டையின் பக்கமாகவே அழுத்திக்கொண்டிருக்கும். ஆகவே தொட்டியின் மேலே கை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, நல்ல சோதனை மூடி பொருத்தி, உள்ளிருந்து வேலைசெய்வதே சரி. தண்ணீர்த் தொட்டி என்பதால் வெட்டுவதில் தீ ஆபத்தில்லை. எரிபொருள் தொட்டியில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

பாலிஎத்திலீனில் எந்தச் சாதாரணப் பசையும் நிற்காது. அதன் பரப்பு ஆற்றல் அவ்வளவு குறைவு. பசை பரவாமல் உருண்டு நிற்கும். அதே பிளாஸ்டிக்கில் செய்த கம்பியைச் சூடான காற்றால் உருக்கி இழைக்க வேண்டும். ஃபைபர்கிளாஸில் பழுதான இடத்தைத் தேய்த்து, நன்றாக உலரவைத்து, எபாக்சியும் கண்ணாடியிழைத் துணியும் அடுக்கடுக்காக இட வேண்டும். எந்தப் பூச்சு வாங்கினாலும் குடிநீருக்கு ஏற்றது என்று என்எஸ்எஃப் 61 போன்ற தரச்சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எபாக்சி முழுவதும் இறுகப் போதிய நாளும் வெப்பமும் கொடுத்து, பிறகு பலமுறை நிரப்பி வடித்துவிட்டே குடிக்கலாம். சிலிகான் பசையை மட்டும் தொட்டிக்குள் தடவ வேண்டாம். ஒருமுறை தடவினால் அதன் மிச்சத்தின்மேல் வேறெதுவும் ஒட்டாது.

பழுது பரவிவிட்டது, தரையையும் அறுக்க மனமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. தொட்டியின் மேல்பகுதியை வெட்டித் திறந்து, தடுப்புகளை நீக்கி, கூர்விளிம்புகளை மழுக்கி, உள்ளே குடிநீருக்கான மடங்கும் பை ஒன்றை விரித்து வைப்பது. பழைய தொட்டி வெறும் பெட்டியாகிவிடும். கொள்ளளவு குறையும், உராய்ந்தால் பை கிழியும். ஆனாலும் வேறு வழியில்லாத படகுக்கு இது நியாயமான ஏற்பாடு.

என்ன செய்தாலும் எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். மும்பையில் கட்டப்பட்ட 32 அடி தேக்குப் படகான சுஹைலியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூனில் தனியாகப் புறப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் தென்பெருங்கடலின் அலை படகைப் புரட்டிப் போட்டதில் நன்னீர்த் தொட்டிகள் கெட்டுப்போயின. மழைநீரைப் பாயில் பிடித்துத்தான் சமாளித்தார். எங்கும் நிற்காமல் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதராக 312 நாள் கழித்து அவர் கரைசேர்ந்தார். வியாபாரக் காற்றில் மழை எப்போதும் அப்படிக் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமும் மின்சாரம் நின்றால் நின்றுவிடும். தனித்தனி வால்வுள்ள இரண்டு தொட்டிகளும், எதனோடும் இணைக்காத கேன்களில் குறைந்தது பத்து நாளைக்கான குடிநீரும் இருந்தால்தான் நிம்மதி.

பழைய படகு வாங்கப் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பாயையும் இன்ஜினையும் பார்ப்பதற்கு முன்பே தரைப்பலகையைத் தூக்கச் சொல்லித் தொட்டியைப் பாருங்கள். சோதனை மூடி இருக்கிறதா, அதன் வழியே நான்கு மூலைக்கும் கை எட்டுகிறதா, வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், தரையை அறுத்துப் புதுத் தொட்டி வைக்கும் செலவையும் சேர்த்துக்கொண்டே விலை பேசுங்கள்.